தணிக்கையும் சொல்வழக்கும்: சீன வரலாற்றிலிருந்து சில சான்றுகள்

முன்னுரை

தணிக்கை பெரும்பாலும் அரசியல் வரலாற்றின் பொருளாகவே ஆராயப்படுகிறது. ஆயினும், அது நேராகத் தொடுவது சொல்லையே. ஒரு சொல் விலக்கப்படும்போது அதன் பொருள் மறைந்துவிடுவதில்லை. வேறொரு வடிவத்தை நாடுகிறது. அவ்வடிவம் எதுவாக அமையும் என்பதை அந்தந்த மொழியின் அமைப்பே பெரிதும் தீர்மானிக்கிறது. சீனாவின் தணிக்கை வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

விலக்கப்பட்ட பெயர்கள்

பேரரசரின் பெயரை முழுமையாக எழுதலாகாது என்னும் விலக்கு சீனாவில் தொன்மையானது. அப்பெயரில் வரும் எழுத்துக்கு ஈடாக மற்றோர் எழுத்தை ஆள்வதோ, அதன் ஒரு கோட்டை விடுத்து எழுதுவதோ மரபாக இருந்தது. காங்ஷி பேரரசரின் ஆணையால் தொகுக்கப்பட்ட பேரகராதி 1716-இல் வெளிவந்தது. அதில் எழுத்துகள் ஒன்றோடொன்று தொடர்பின்றி நிற்பதாகக் கருதிய அறிஞர் வாங் ஷிஹோ, அவற்றைப் பொருள்வகைப்படி கோத்து வேறோர் அகராதியை வெளியிட்டார். விலக்க வேண்டியவை எவை என்பதை மாணவர் அறியும்பொருட்டு, சிங் மரபுப் பேரரசர் மூவரின் பெயர்களையும் அதில் முழுமையாக அச்சிட்டார். விலக்கை விளக்க வந்த நூலே விலக்கை மீறிய நூலாயிற்று. சியென்லோங் பேரரசரின் ஆட்சியில், 1777-இல், அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

விலக்கப்பட்ட சொல்லைச் சுட்டாமல் விலக்கை அறிவிக்க இயலாது என்னும் இம்முரண் இன்றும் தொடர்கிறது. 1994 ஏப்ரலில் சீனா இணையத்துடன் முழுமையாக இணைந்தது. 1997 டிசம்பரில் இணையப் பாதுகாப்புக்கான விதிகள் பிறப்பிக்கப்பட்டன. பயனர்களின் எழுத்தைக் கண்காணிக்கும் பொறுப்பு இணைய நிறுவனங்கள்மீது சுமத்தப்பட்டது. அவை விலக்குச்சொற் பட்டியல்களை வைத்துள்ளன. ஆனால் அப்பட்டியல்கள் பொதுமக்களுக்கு அறிவிக்கப்படுவதில்லை. எழுதியது மறைந்த பின்னரே, எழுதியவர் விலக்கை உய்த்துணர்கிறார்.

மங்கலமும் குழூஉக்குறியும்

தமிழ் இலக்கண மரபு தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுக்கும். இவற்றுள் பின்னிரண்டும் சீன இணைய வழக்கை விளக்கத் துணைபுரிகின்றன.

ஹூ ஜின்டாவ் தலைமையிலான பொதுவுடைமைக் கட்சி 2004-இல் 'இணக்கமான சமுதாயம்' என்னும் குறிக்கோளை முன்வைத்தது. கருத்துகள் நீக்கப்படுவதும் அக்குறிக்கோளின் பெயராலேயே நிகழ்ந்ததால், அரசின் 'இணக்கம்' மக்கள் கண்ணுக்கு ஒரு மங்கல வழக்காகவே தோன்றியது. நீக்கப்பட்ட எழுத்தை 'இணக்கப்படுத்தப்பட்டது' என மக்கள் எள்ளலாகக் கூறலாயினர். அச்சொல்லும் தணிக்கைக்கு உள்ளானபோது 'ஆற்று நண்டு' என்னும் சொல் அதன் இடத்தைப் பெற்றது. சீன மொழியில் இரு சொற்களும் 'ஹெ ஷியெ' என்றே ஒலிக்கும். இரண்டாம் அசையின் தொனி மட்டுமே வேறு. ஒலியால் நெருங்கி எழுத்தால் வேறுபடும் சொற்கள் மிகுந்திருப்பதே இம்மாற்றத்துக்கு வழிவகுத்தது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது தொழிலை ஒட்டிய குழூஉக்குறி. 'ஆற்று நண்டு' என்பதோ அச்சத்தை ஒட்டிய குழூஉக்குறி.

தியனன்மென் சதுக்க நிகழ்வைக் குறிக்கும் 'ஜூன் 4' விலக்கப்பட்டதால் 'மே 35' என்னும் நாள் தோன்றியது. எழுத்தாளர் யூ ஹுவா 2011-இல் தம் கட்டுரையொன்றின் தலைப்பில் இதனை ஆண்டார். 2020 மார்ச்சில் வூஹான் மருத்துவர் ஒருவரின் நேர்காணல் நீக்கப்பட்டபோது, வாசகர்கள் அதனைத் தலைகீழ் வரிசையிலும், மோர்ஸ் குறிகளிலும், பண்டைய எலும்பெழுத்திலும் பெயர்த்தெழுதிப் பரப்பினர். எழுத்துவடிவ வரலாறு முழுவதும் அங்கே கருவியாயிற்று.

மொழிபெயர்ப்புச் சிக்கல்

தமிழின் செயப்பாட்டுவினைக்கு ஒப்பான பொருளைத் தரும் 'பெய்' என்னும் எழுத்து, இயல்பாகச் செயப்படுபொருள் குன்றா வினையுடன் வருவது. இணைய வழக்கில் அது அவ்வரம்பைக் கடந்தது. காவலில் இறந்தவரைத் தற்கொலை செய்துகொண்டவராக அறிவிப்பதைச் சுட்ட, 'தற்கொலை' என்பதன் முன்னும் அது சேர்க்கப்பட்டது. அரசு சார்ந்த மொழிவள ஆய்வு மையமும் பங்குகொண்ட தெரிவில் 2009-ஆம் ஆண்டுக்குரிய எழுத்தாக அதுவே தேர்ந்தெடுக்கப்பட்டது.

இதனைத் தமிழாக்குவோர் கருத வேண்டியது இலக்கணப் பிறழ்ச்சியே. 'இணக்கப்படுத்தப்பட்டது' என்பது தமிழில் வழுவற்ற தொடர். ஆகவே மூலத்தின் எள்ளல் அதில் மங்கிவிடுகிறது. 'தற்கொலை செய்துகொள்ளப்பட்டார்' என்பதிலோ, வினையைச் செய்தவர்மீதே திருப்பும் 'கொள்' என்பதும் 'படு' என்பதும் மோதுகின்றன. அவ்வழுவே மூலத்தின் குற்றச்சாட்டைத் தாங்குகிறது. அதனைத் திருத்துவது பொருளையே நீக்குவதாகும்.

முடிவுரை

குழூஉக்குறி பொருளைக் காக்கிறது; எனினும், குழுவுக்குள்ளேயே காக்கிறது. மாற்றுச்சொல் கண்டறியப்பட்டால் அதுவும் விலக்கப்பட்டு இன்னொன்று தோன்றுகிறது. இச்சங்கிலியில் மூலச்சொல்லை ஒருபோதும் கேட்டிராத தலைமுறைக்கு 'மே 35' வெறும் வேடிக்கையாக எஞ்சக்கூடும். ஆகவே, இத்தகைய சொற்களை அவை தோன்றிய ஆண்டு, பதிலிட்ட சொல், விலக்கப்பட்ட சூழல் ஆகியவற்றுடன் பதிவுசெய்வது அகராதியியலின் பணியாகிறது. அப்பதிவின்றி மொழிபெயர்ப்பாளருக்கு நண்டு நண்டாகவே தோன்றும்.