உற்பத்தியாளர் என்ற சொல்

இரிஞ்சூர் கோபாலகிருஷ்ண நாயுடுவைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி 1968 டிசம்பர் 25 இரவைப் பற்றியது. அன்று கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்து செத்தார்கள். எல்லோரும் தலித் விவசாயக் கூலிகள் குடும்பத்தவர். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். அந்த இரவுக்கு முன்பு நாயுடு பட்டப்பகலில் நடத்திவந்த காரியங்கள் அவ்வளவாகப் பேசப்படவில்லை. சரித்திரத்துக்கு அவைதான் முக்கியம் என்று தோன்றுகிறது.

பழைய தஞ்சாவூர் மிராசுதாருக்குச் சங்கம் தேவைப்படவில்லை. சவுக்கடியும் சாணிப்பாலும் வழக்கம் என்ற பெயரிலேயே நடந்தன. 1940களில் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் பண்ணையாட்களைச் செங்கொடிக்குக் கீழ் திரட்டிய பிறகு வழக்கம் ஆட்டம் கண்டது. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கூலி என்பது ஆண்டை அளந்து போடுவது என்ற நிலை போய், களத்தில் நின்று பேசித் தீர்க்க வேண்டிய விஷயமாயிற்று.

1960களின் நடுவில் நாகப்பட்டினம் வட்டாரத்து மிராசுதார்கள் அமைத்த நெல் உற்பத்தியாளர் சங்கம் இதற்குப் பதில். நாயுடு அதன் தலைவர். எதிராளியிடமிருந்தே வடிவத்தை எடுத்துக்கொண்டார்கள்: அங்கே சங்கம் என்றால் இங்கும் சங்கம், அங்கே செங்கொடி என்றால் இங்கே மஞ்சள் கொடி. செங்கொடியை இறக்கு, சங்கத்தை விட்டு விலகு என்று கூலிகளிடம் வெளிப்படையாகவே சொல்லப்பட்டது. மறுத்தவர்களுக்கு வேலை இல்லை. அறுவடைக்கு வெளியூர் ஆட்கள் இறக்கப்பட்டார்கள். எதுவும் ரகசியமாக நடக்கவில்லை.

இத்தாலியில் 1920-21இல் போ நதிச் சமவெளியிலும் ஏறக்குறைய இப்படித்தான் நடந்தது. கூலிகளின் சங்கங்களை உடைக்க நிலச்சொந்தக்காரர்கள் கருஞ்சட்டைக் குழுக்களுக்குப் பணம் கொடுத்தார்கள். பெர்ராரா பகுதியில் இதாலோ பால்போ அவர்களால் வளர்ந்தவர். நாயுடுவுக்குச் சித்தாந்தம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் பாசிஸமும் கிராமப்புறத்தில் சித்தாந்தமாக நுழையவில்லை, அறுவடைக் கூலித் தகராறாகவே நுழைந்தது.

சங்கத்தின் பெயரைக் கவனிக்க வேண்டும். நாற்று நட்டு, களை பறித்து, அறுத்து, அடித்துத் தூற்றியவர்கள் ஒரு பக்கம். உற்பத்தியாளர் என்ற பெயர் மறுபக்கம். இது அசட்டுத்தனமாக வைத்த பெயர் அல்ல. உற்பத்தி என்பது அப்போது அரசாங்கத்தின் மந்திரச்சொல். நாட்டில் உணவுப் பஞ்சம். தஞ்சாவூரில் தீவிர சாகுபடித் திட்டம். 1965இல் ஆடுதுறை 27 குறுவை நெல் வந்துவிட்டது. உற்பத்தியாளரிடம் கூலி உயர்வு கேட்டவன், தேசத்தின் சோற்றுக்கே குறுக்கே நிற்பவனாக ஆகிப்போனான்.

அந்த மரியாதை நீதிமன்றம் வரை கூடவே போயிற்று. 1970இல் விசாரணை நீதிமன்றம் நாயுடு உட்பட 8 பேருக்குப் பத்தாண்டு சிறைத்தண்டனை விதித்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது. நிலபுலன்களும் காரும் உடைய பெரிய மனிதர்கள், ஆட்களை ஏவாமல், தாங்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்தார்கள் என்பதை நம்புவது கடினம் என்று நீதிபதிகள் கருதினார்கள். எந்த அந்தஸ்து சங்கத்தை நடத்தியதோ, அதுவே அவர்கள் சார்பில் சாட்சி சொன்னது.

இலக்கியமும் வேறு வழியில் இதே இடத்தில் தடுமாறியது. இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' 1975இல் வந்து 1977இல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்றது. அதில் வரும் பண்ணையார் கண்ணையா நாயுடுவின் கொடூரத்துக்கு வேர் அவருடைய ஆண்மைக் குறைபாட்டில் தேடப்படுகிறது. மனோதத்துவ ரீதியில் இது சுவாரஸ்யமாக இருக்கலாம். ஆனால் ஒரு வட்டாரத்து மிராசுதார்கள் பலர் சேர்ந்து, கொடி பிடித்து, பல மாதம் நடத்திய காரியம் இதனால் ஒருவருடைய படுக்கையறைக்குள் அடைபட்டுவிடுகிறது. உயர்நீதிமன்றம் அந்தஸ்தைப் பார்த்தது. நாவல் அந்தரங்கத்தைப் பார்த்தது. நடுவே இருந்த சங்கம் இரண்டின் கண்ணிலும் சரியாக விழவில்லை.

1980 டிசம்பரில் நாயுடு வெட்டிக் கொல்லப்பட்டார். அதோடு கணக்குத் தீர்ந்தது என்று நினைப்பதும் காரணத்தைத் தனிமனிதனிடம் தேடுவதுதான். தஞ்சாவூரைப் பற்றி இனி எழுதுகிறவன் அந்த மஞ்சள் கொடியையும், அதன் கீழ் கூடியவர்கள் எத்தனை சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள் என்பதையும் எழுத வேண்டும். தீயை எழுதுவதைவிட அது சிரமமான வேலை.