பேராண்டி

தாம்பரம் சானடோரியத்தில் மின்தொடர்வண்டியை விட்டிறங்கித் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்குப் போகிறவர்கள், அங்குள்ள மருத்துவமனையின் பெயரைச் சற்று நின்று வாசிக்க வேண்டும்: அயோத்திதாச பண்டிதர் மருத்துவமனை. காத்தவராயன் என்ற இயற்பெயர் கொண்ட அந்தச் சித்த மருத்துவர், சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர், தமக்குக் கற்பித்த ஆசிரியரின் பெயரையே தமக்குச் சூட்டிக்கொண்டார். ஆசிரியரிடமிருந்து மாணவருக்கு வந்த பெயர், மாணவரிடமிருந்து நோய் தீர்க்கும் ஒரு கட்டடத்துக்கு வந்திருக்கிறது.

சாதியற்ற மக்களைக் குறிக்கப் பண்டிதர் புழங்கிய தொடரிலிருந்தே, 2018 சனவரியில் சென்னையில் மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழுவும் பெயர் பெற்றது. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் முன்னெடுப்பில், டென்மாவின் இசைத்தலைமையில் கானாவும் சொல்லிசையும் கைகோத்த அந்தக் குழுவில் சொல்லிசைத்தவர்களுள் ஒருவர், அரக்கோணத்துக்காரரான அறிவு. அவர் 2019இல் இசையமைப்பாளர் ஆஃப்ரோவுடன் சேர்ந்து வெளியிட்ட முதல் தொகுப்பு ‘தெருக்குரல்’.

திருவின் இகரம் எகரமானால் தெரு. குறளின் றகரமும் ளகரமும் இளகினால் குரல். ஏட்டில் வேறுவேறான ரகர றகரங்களும் லகர ளகரங்களும் சென்னை நாவில் ஏறத்தாழ ஒன்றாகிவிடுவதால், தெருக்குரல் என்று சொல்லும்போதே திருக்குறள் உடன் ஒலிக்கிறது. திருக்குறள் ஏட்டுச்சுவடி ஆங்கிலேய அதிகாரி எல்லிசு துரைக்குக் கிடைக்கச் செய்தவர் தம் பாட்டனார் கந்தப்பன் என்று பண்டிதர் எழுதிவைத்ததை நினைத்துக்கொண்டால், அந்த எதிரொலி இன்னும் ஆழமாகும். குரலுக்கோ மிடற்றொலி மட்டும் பொருளன்று. ஏழிசையில் முதலாவதும் குரல், தினைக்கதிரும் குரல்.

இந்தத் தொகுப்பைக் கேட்டவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. தொகுப்பின் பெயரை எடுத்துப் பாடியவரின் பெயருக்கு முன்னே வைத்தார்கள்: தெருக்குரல் அறிவு. செம்புலப்பெயனீராரையும் அணிலாடு முன்றிலாரையும் அவர்கள் பாட்டில் வந்த தொடராலேயே அழைத்த மரபல்லவா நம்முடையது! நூறு மதிப்புரைகளைவிட இந்த ஓர் அடைமொழி பெரிய வரவேற்பு என்பேன்.

பிறகு 2024இல் அறிவு வெளியிட்ட தொகுப்பு ‘வள்ளியம்மா பேராண்டி’. வள்ளியம்மாள் அவருடைய பாட்டி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பியவர். 1964இன் சிறிமா–சாத்திரி உடன்பாடு 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது; அப்படி வந்தவர்களை அரசு ஏடுகள் ‘தாயகம் திரும்பியோர்’ என்று மொத்தமாகக் குறித்தன. அந்தத் தொகைப்பெயருக்குள் அடங்கிப்போகும் ஒருத்தியின் பெயரைத் தலைப்பின் முதற்சொல்லாக நிறுத்தியதற்காகவே இதைப் போற்றலாம்.

வள்ளி என்பது கொடி. வளை, வளையம், வளையல் என்பவற்றோடு ஒட்டி வளரும் சொல். வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடைத்ததால் குறமகளுக்கு அப்பெயர் என்பது கந்தபுராணக் கதை. அவள் காத்ததோ தினைப்புனம், அதாவது குரல் விளையும் நிலம்!

இனிப் பேராண்டி. வியர்வை வேர்வையானதுபோலப் பெயர் பேரானது. பெயரன் பேரனானான், பெயர்த்தி பேர்த்தியாகிப் பேத்தியானாள். பாட்டனின் பெயரைத் தாங்குகிறவன் ஆதலால் பெயரன். ஐங்குறுநூற்றில் தலைவனின் மகனைத் தலைவனுடைய தந்தையின் பெயரனாகச் சுட்டும் பாடல் உண்டு. ‘பேர வச்சிருக்கான்’ என்று இன்றும் பேரப்பிள்ளையைக் காட்டி முதியோர் மகிழும்போது அந்தப் பழம்பொருளே நாவில் புரள்கிறது. ஆனால் வழிவழியாக அப்படி இறங்கிவந்தது பெரும்பாலும் தந்தைவழிப் பாட்டனின் பெயர். இந்தத் தலைப்பில் பெயரன் தாங்குவது பாட்டியின் பெயரை; அதுவும் அவள் பெயர் முன்னே நிற்க, தன் பெயரைச் சொல்லாமலே பின்னால் வருகிறான்.

பேரன் உறவைச் சொல்லும் சொல். பேராண்டி கூப்பிடும் சொல். அதன் வாலில் பழனி ஆண்டியும் வந்து வள்ளியோடு சேர்ந்துகொள்வது என் செவிக்குக் கிடைத்த இன்பம். சேலையூரிலும் குரோம்பேட்டையிலும் விளக்கு வைக்கும் நேரத்தில், தெருமுனையில் ஆடும் பிள்ளையை வாசற்படியிலிருந்து அழைக்கும் பாட்டிமார் அந்த இறுதி இகரத்தை நீட்டுவார்கள்: ‘அடேய் பேராண்டீ!’