பழைய காரின் ஸ்டீயரிங் நடுங்குகிறதா? 'எப்போது' என்று முதலில் கவனியுங்கள்

வீட்டில் இருந்த பழைய மைவியோ சாகாவோ இப்போது உங்கள் கைக்கு வந்திருக்கிறது. கோலாலம்பூரில் இருந்து ஈப்போவுக்குப் போகிறீர்கள். நெடுஞ்சாலையில் வேகம் 90 கிலோமீட்டரைத் தொட்டதும் ஸ்டீயரிங் நடுங்க ஆரம்பிக்கிறது.

"பழைய கார்னா அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். பட்டறையில் "ஸ்டீயரிங் ஆடுது" என்று மட்டும் சொல்லிவிட்டும் வராதீர்கள். எப்போது ஆடுகிறது என்று சொன்னால்தான் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க முடியும். தேவையில்லாத பாகங்களை மாற்றிக் காசை வீணாக்கவும் வேண்டாம்.

குறிப்பிட்ட வேகத்தில் மட்டுமா?

80 முதல் 110 கிலோமீட்டர் வேகத்தில் நடுங்கி, வேகம் குறைந்ததும் நின்றுவிட்டால், முதல் சந்தேகம் சக்கரத்தின் பாலன்சிங் மீதுதான். ரிம்மில் பொருத்திய சிறு எடைத்துண்டு கழன்று விழுந்திருக்கலாம். ரிம்மின் உட்புறத்தில் சேறு காய்ந்து ஒட்டியிருக்கலாம். முன்சக்கரத்தில் கோளாறு என்றால் பெரும்பாலும் கையில் தெரியும். பின்சக்கரம் என்றால் இருக்கையில் தெரியும்.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். அலைன்மெண்ட் வேறு, பாலன்சிங் வேறு. கார் ஒரு பக்கமாக இழுத்தால், டயர் ஒரு ஓரமாகத் தேய்ந்தால் அலைன்மெண்ட் பார்க்க வேண்டும். நடுக்கத்துக்கு முதலில் பாலன்சிங்.

பாலன்சிங் செய்தும் போகவில்லையா?

டயரைப் பாருங்கள். பக்கவாட்டில் எங்காவது புடைத்திருந்தால் அந்த டயரை உடனே மாற்றுங்கள், அது ஓடும்போதே வெடிக்கலாம். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் தேடுங்கள். 3519 என்றால் 2019ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் தயாரான டயர். முன் டயர்களைப் பின்னால் மாற்றிப் போட்டதும் நடுக்கம் இருக்கைக்கு வந்தால், கோளாறு டயரிலோ ரிம்மிலோதான்.

பிரேக் பிடிக்கும்போதா?

அப்படியென்றால் முன்பக்க பிரேக் டிஸ்க்கைச் சோதிக்கச் சொல்லுங்கள். டிஸ்க்கின் தடிமன் இடத்துக்கு இடம் மாறியிருந்தால், அது பிடிபடும்போதெல்லாம் ஸ்டீயரிங் அதிரும். ஆனால் அவசரமாக பிரேக் அழுத்தும்போது பெடல் மட்டும் துடித்தால் பயப்படாதீர்கள். அது ஏபிஎஸ் வேலை செய்வதன் அடையாளம்.

வேகம் கூட்டும்போதா?

ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் நடுங்கி, காலை எடுத்தால் நின்றுவிடுகிறதா? டிரைவ் ஷாஃப்டைப் பார்க்க வேண்டும். ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பி ஓட்டும்போது 'டக் டக்' சத்தம் கேட்டால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

கார் நிற்கும்போதேவா?

சிக்னலில் நிற்கும்போதும் அதிர்ந்தால் சக்கரத்தில் தேடிப் பயனில்லை. இஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் தேய்ந்திருக்கலாம், அல்லது இஞ்சினே சீராக ஓடாமல் இருக்கலாம்.

எப்போது உடனே நிறுத்த வேண்டும்?

டயர் மாற்றிய பிறகு புதிதாக ஆட்டம் தொடங்கினாலோ, ஆட்டம் போகப் போக அதிகமானாலோ தொடர்ந்து ஓட்டாதீர்கள். சக்கர நட்டுகள் தளர்ந்திருக்கலாம். சக்கரமே கழன்றுவிடும் ஆபத்து அது. மெதுவாக வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி உதவி கேளுங்கள்.

பட்டறையில் என்ன கேட்பது?

காரைத் தூக்கி, சக்கரத்தை உங்கள் முன்னாலேயே அசைத்துக் காட்டச் சொல்லுங்கள். மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆடுகிறதா? வீல் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட். இடமும் வலமும் மட்டும் ஆடுகிறதா? டை ராட் எண்ட். இவை தேய்ந்திருந்தால், முதலில் இவற்றை மாற்றிவிட்டு அதன்பின் அலைன்மெண்ட் செய்யுங்கள். முன்பே செய்தால் அந்தக் காசு வீண்.

எந்த வேகத்தில், பிரேக்கிலா ஆக்ஸிலேட்டரிலா, கையிலா இருக்கையிலா: இந்த மூன்றையும் குறித்துக்கொண்டு போங்கள். மெக்கானிக்கின் வேலையில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.