சூலைநோயும் சித்தன்னவாசலும்

ஒரு மனிதனின் நம்பிக்கை எப்போது மாறுகிறது? தமிழ் மரபு இதற்குத் திருநாவுக்கரசரின் வாழ்வை விடையாகச் சொல்கிறது. பெற்றோரின் மறைவும், தமக்கை திலகவதியாருக்கு மணம் பேசப்பட்ட கலிப்பகையார் போரில் மாண்டதும் நிலையாமையை உணர்த்த, மருள்நீக்கியார் சமணம் புகுந்து தருமசேனர் ஆனார். பின்னர் தீராத சூலைநோய் அவரைத் திருவதிகைக்குத் திருப்பி அழைத்து வந்தது. இழப்பு ஒரு வாயிலைத் திறந்தது. வலி மற்றொன்றைத் திறந்தது. அவர் வழியே பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனும் சைவனானான் என்கிறது பெரியபுராணம். பிற நெறியிலிருந்து மீண்டு இலிங்க வழிபாட்டுக்கு வந்ததைத் திருச்சி மலைக்கோட்டைக் குகையில் அம்மன்னனின் கல்வெட்டே பேசுகிறது.

இக்கதையின் நிழல் புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசல் மீதும் விழுந்தது. அறிவர் கோயில் ஓவியங்களை, மதம் மாறுவதற்கு முன் மகேந்திரன் செய்த பணி என்றே ஆய்வாளர்கள் முதலில் கருதினர். ஆனால் குடைவரையின் முகப்பில் உள்ள தமிழ்க் கல்வெட்டு வேறொன்றைச் சொல்கிறது. 9-ஆம் நூற்றாண்டில், பாண்டியன் அவனிபசேகரன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அகமண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபம் எடுப்பித்தான். மகேந்திரன் மறைந்து இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் இங்கே சமணம் உயிரோடிருந்தது!

அதே குன்றின் ஏழடிப்பட்டத்தில் வழவழப்பான கற்படுக்கைகளைக் காணலாம். அவற்றுள் ஒன்றில் உள்ள தமிழ்ப் பிராமி எழுத்து, எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த துறவி ஒருவருக்கு இளையர் ஒருவர் இருக்கை செய்தளித்ததைக் கூறுகிறது. கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளில் தொடங்கி 9-ஆம் நூற்றாண்டு வரை, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள், ஒரே குன்றில் ஒரு நெறி வாழ்ந்திருக்கிறது. மன்னர்களின் மனமாற்றம் அதை உடனே அழித்துவிடவில்லை.

ஆயினும் அது என்றேனும் நின்றது. அருகேயுள்ள நார்த்தாமலையில் சமணர் குடகு என்று பெயர் வழங்கும் குகையினுள் இன்று நாம் காண்பது வரிசையாக நிற்கும் திருமால் சிற்பங்களை. பெயர் ஒரு சமயத்தையும் கருவறை இன்னொரு சமயத்தையும் நினைவில் வைத்திருக்கின்றன.

நோய், மரணம், அதிசயம் எனத் தனிமனித மாற்றத்திற்குப் புராணங்கள் ஒரு கணத்தைக் குறித்துத் தருகின்றன. ஊர்களின் மாற்றத்திற்கு அத்தகைய கணம் இல்லை. ஆதரித்த கை மெல்ல விலகுகிறது. விளக்கேற்ற வருபவர் குறைகின்றனர். பேரப்பிள்ளைகள் வேறு கோயிலுக்குச் செல்கின்றனர். அந்தக் கடைசிச் சமணக் குடும்பத்தின் ஐயங்களை எந்தக் கல்லும் பதியவில்லை. திருநாவுக்கரசரின் வலி நமக்குப் பாடலாகக் கிடைத்திருக்கிறது. அவர்களுடையது ஒரு குகையின் பெயராக மட்டுமே எஞ்சியிருக்கிறது.