எழும்பூர் ஆலயத்து ஆர்கன் நமக்குச் சொல்லுவது

நாஞ்சில் நாட்டுச் சபைகளில் இசைக்கருவி வாங்குவதைக் குறித்துப் பேச்செழும்போது இருவகைக் கருத்துகளை நாம் கேட்பதுண்டு. ஆர்கன் முழங்காத ஆராதனையில் மகிமையில்லை என்பர் ஒரு சாரார். அஃது அந்நியர் கருவி, நமக்கு வேண்டுவதில்லை என்பர் மறு சாரார். இவ்விரு சாராரும் சென்னை எழும்பூரிலுள்ள பரிசுத்த அந்திரேயா ஆலயத்துப் பைப் ஆர்கனின் வரலாற்றை அறிவது நலம்.

ஸ்காட்லாந்துச் சபையாருக்கென டி ஹாவிலாண்ட் என்னும் பொறியாளர் கட்டிய அவ்வாலயம் 1821இல் திறக்கப்பட்டது. இன்று அங்குள்ள ஆர்கனோ 1883இல் வந்தது. இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு நகரத்துப் பீட்டர் கோனாக்கர் நிறுவனத்தார் செய்தது. ஆலயத்திற்கும் ஆர்கனுக்கும் இடையே 62 ஆண்டுகள். இவ்விடைவெளிக்குப் பின்னால் ஓர் இறையியல் வழக்கு இருந்தது.

இசைக்கருவிகள் பழைய ஏற்பாட்டு நிழலைச் சேர்ந்தவை. கிறிஸ்து வந்தபின் அவை தேவையில்லை எனக் கால்வின் கருதினார். சூரிச் நகரப் பேராலயத்து ஆர்கன் 1527இல் உடைத்தகற்றப்பட்டது. ஸ்காட்லாந்துச் சபையாரும் நெடுங்காலம் கருவியின்றி, முன்பாடகர் ஒருவர் எடுத்துக் கொடுக்கச் சங்கீதங்களைப் பாடிவந்தனர். எடின்பரோவின் கிரேபிரையர்ஸ் ஆலயத்தில் போதகர் ராபர்ட் லீ 1863இல் ஹார்மோனியத்தையும், 1865இல் ஆர்கனையும் புகுத்தியபோது பெருங்கிளர்ச்சி உண்டாயிற்று. எனவே ஆர்கன் நம் தகப்பன்மாரின் மாறாத பாரம்பரியம் என்பாரின் கூற்று நிலைநிற்பதன்று. அதைத் தந்த சபையாரே அதனைத் தயங்கித் தயங்கியே ஏற்றனர்.

கிரேபிரையர்ஸில் ஆர்கன் ஒலித்த அதே 1865இல், நம் மயிலாடி யோவான் பால்மரின் 'கிறிஸ்தாயனம்' வெளிவந்தது. ஆலயத்தில் எவ்வோசை ஒலிக்கலாம் என்று அங்கே வழக்காடிய நாளில், இங்கே ஒருவர் கிறிஸ்துவின் சரிதையைத் தமிழ்க் காப்பியமாக்கிக்கொண்டிருந்தார். அவரும் அவர் போன்றாரும் இயற்றிய கீர்த்தனைகளின் கமகங்களை, ஒவ்வொரு குழாய்க்கும் ஒரே சுருதியுள்ள ஆர்கன் முழுதும் எடுத்துரைக்க இயலாது. இக்கருவியின் எல்லையையும் நாம் மறைத்தலாகாது.

ஆயினும் அது கற்பிக்கும் பாடமும் ஒன்றுண்டு. கொல்லன் உலையில் உள்ளதுபோலவே ஆர்கனுக்குள்ளும் துருத்தியுண்டு. மின்சாரம் வருமுன் திரைக்குப் பின்னால் ஒருவர் நின்று அதை இயக்குவார். விரல் கட்டையில் பட்டாலும் காற்றில்லையேல் குழாய் ஊமையே. காற்றையும் ஆவியையும் எபிரெயரும் கிரேக்கரும் ஒரே சொல்லால் குறித்தனர் என்பதை இறையியல் மாணவர் அறிவர். வாசிப்பவரின் பெயரைச் சபை அறியும். துருத்தியை மிதித்தவரின் பெயரை யாரும் எழுதிவைத்ததில்லை. ஊழியத்திலும் இவ்விருவகையினர் உளர்.

ஆதலால் பழைய ஆர்கன் உள்ள சபை அதனைப் பேணுக. இல்லாத சபை அதனால் ஏங்க வேண்டுவதில்லை. கருவி முழங்குகையில் சபையாரின் வாய் மூடிக்கொள்ளுமாயின், சூரிச்சில் அதனை உடைத்தவர்களின் அச்சம் மெய்யாகிவிடும். மக்கள் வாய் திறந்து பாடுவார்களாயின், ஆர்கனாயினும் சுருதிப்பெட்டியாயினும் அது தன் ஊழியத்தைச் செய்துமுடித்தது. ஓய்வுநாள்தோறும் நாம் முதலாவது செவிகொடுக்க வேண்டியது பின்வரிசை வாங்கிலிருந்து எழும் குரலுக்கே.