அன்பு மடல் செய்த அழிவு

மாட்டைப் பற்றும் கோமாரி, அதனைப் பேணும் உழவனைப் பெரும்பாலும் பற்றுவதில்லை. நோய்க்கு ஏற்ற உடல் வேண்டும். கணினிகளின் வரலாற்றிலும் இவ்வுண்மை தெளிவாகப் புலப்பட்டது.

2000ஆம் ஆண்டு மே 4ஆம் நாள், பிலிப்பைன்ஸ் தீவுகளிலிருந்து புறப்பட்ட ஒரு மின்னஞ்சல் உலகெங்கும் விரைந்து பரவிற்று. ‘ஐ லவ் யூ’ என்பது அதன் தலைப்பு. அறிந்தவர் பெயரில் வந்தமையால், பலர் ஐயுறாமல் அதனுடன் இணைந்த கோப்பைத் திறந்தனர். அது மடலன்று, விஷுவல் பேசிக் வகை மொழியில் எழுதிய கட்டளைத் தொகுதி. கோப்புப் பெயரின் இறுதியிலிருந்த உண்மை அடையாளத்தை விண்டோஸ் இயல்பாகவே மறைத்துவிட்டது. ஆகவே நச்சு நிரல், வெறும் எழுத்துக் கோப்பாகத் தோன்றியது. திறந்தவுடன் அவுட்லுக் முகவரி ஏட்டில் இருந்தோர்க்கெல்லாம் தன்னையே அனுப்பிற்று. படக் கோப்புகளை அழித்து, அவற்றின் இடத்தில் தன்னை எழுதிக்கொண்டது. பிரிட்டனின் காமன்ஸ் சபையும் தன் மின்னஞ்சலை நிறுத்தி வைக்க நேர்ந்தது.

அதே மடல் மாக்கின்டாஷ், லினக்ஸ் கணினிகளை அடைந்தபோது நிகழ்ந்தது யாது? அக்கட்டளைகளை நிறைவேற்றும் பொறி அவற்றில் இல்லை. ஆதலின் நிரல் செயலற்றுக் கிடந்தது. எனினும் அஞ்சல் வழிகள் நெரிசலுற்றமையால், அக்கணினிகளை உடையோரும் இடர்ப்பட்டனர். 1999 மார்ச்சில் பரவிய ‘மெலிசா’வும் இத்தகையதே. வேர்டு ஆவணத்துள் மறைந்து வந்த அது, 50 முகவரிகளுக்குத் தன்னை அனுப்ப அவுட்லுக்கையே சார்ந்திருந்தது.

அங்ஙனமாயின், விண்டோஸ் அல்லாதன யாவும் காப்புடையன என்று கொள்ளலாமோ? கொள்ளலாகாது. 2012இல் ‘ஃபிளாஷ்பேக்’ என்னும் நிரல், ஜாவா மென்பொருளின் குறை வழியே நுழைந்து, ஏறத்தாழ 6 லட்சம் மாக் கணினிகளைப் பற்றியது. வயலெங்கும் ஒரே நெல்லை விதைத்தால், அந்நெல்லுக்குரிய பூச்சி ஒன்றே விளைச்சலைக் குலைக்கப் போதும். பெருந்தொகையினர் கையாளும் கணினியை நிரல் எழுதுவோர் நாடியதும் அதனாலேயே.

2000ஆம் ஆண்டின் வழக்கு என்னவாயிற்று? அக்குற்றத்திற்குரிய சட்டம் பிலிப்பைன்ஸில் அப்போது இல்லை. ஜூன் மாதம் சட்டம் பிறந்தது, முன் நிகழ்ந்த செயலை அது தீண்டவில்லை, வழக்குக் கைவிடப்பட்டது. சட்டம் பின்னர் வரலாம். விழிப்பு முன்னர் வரவேண்டும். கணினிகள் பல வகைப்படும். ஆராயாமல் திறக்கத் துணியும் மனித மனமோ எங்கும் ஒன்றே. அதனைக் காத்தல் நம் கடமை.