ஒப்பந்த நடிகர் முறை (ஹாலிவுட்)

ஹாலிவுட்டின் பெரிய படநிறுவனங்கள் நடிகர்களை ஏழாண்டு ஒப்பந்தத்தில் வாரச் சம்பளத்துக்கு அமர்த்திக்கொண்ட முறை. 1930களிலும் 1940களிலும் எம்.ஜி.எம்., பாராமவுண்ட், வார்னர் பிரதர்ஸ், ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ், ஆர்.கே.ஓ. ஆகிய ஐந்தும் இதன்படியே இயங்கின. குறிப்பிட்ட தவணைக்கொருமுறை ஒப்பந்தத்தை நீட்டிக்கவோ முடித்துக்கொள்ளவோ நிறுவனத்துக்கு உரிமை இருந்தது, நடிகருக்கு இல்லை. நடிகரை வேறு நிறுவனத்துக்கு இரவல் கொடுத்து, கூடுதலாக வரும் பணத்தை நிறுவனமே எடுத்துக்கொள்வதும் உண்டு. கொடுத்த வேடத்தை மறுத்தால் இடைநீக்கம். அந்த நாட்களுக்குச் சம்பளம் கிடையாது. அதைவிடக் கொடுமை, அந்த நாட்கள் ஒப்பந்தத்தின் கடைசியில் சேர்க்கப்பட்டதுதான். மறுக்க மறுக்க ஏழாண்டு நீண்டுகொண்டே போனது.

1936இல் நடிகை பெட்டி டேவிஸ் இதை எதிர்த்து லண்டன் நீதிமன்றம்வரை போய்த் தோற்றார். தளையை அறுத்தவர் நடிகை ஒலிவியா டி ஹாவிலண்ட் (1916–2020). வார்னர் நிறுவனம் நடிகர் எரால் ஃபிளினுக்கு ஜோடியாக எட்டுப் படங்களில் அவரை நடிக்கவைத்தது. 'கான் வித் த விண்ட்' (1939) படத்துக்கு அவரை இரவல் தர நிறுவனத் தலைவர் ஜாக் வார்னர் முதலில் இசையவில்லை. வார்னரின் மனைவியிடம் முறையிட்டே ஒலிவியா அனுமதி பெற்றார். 1943இல் ஏழாண்டு முடிந்தபோது, இடைநீக்கக் காலத்துக்கு ஈடாக இன்னும் ஆறு மாதம் நடிக்க வேண்டும் என்றது நிறுவனம். ஒலிவியா வழக்குத் தொடுத்தார். ஏழாண்டுக்கு மேல் யாரையும் ஒப்பந்தத்தால் கட்டிவைக்கக் கூடாது என்பது கலிபோர்னியச் சட்டம். நடித்த நாட்களை மட்டுமே கணக்கிட வேண்டும் என வார்னர் தரப்பு வாதிட்டது. ஏழாண்டு என்றால் நாட்காட்டிப்படி ஏழாண்டுதான் என்று 1944 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கு நடந்த காலத்தில் அவருக்கு எந்த நிறுவனமும் வேலை தராதபடி வார்னர் பார்த்துக்கொண்டார். ஒலிவியா ராணுவ மருத்துவமனைகளுக்குச் சென்று காயமுற்ற வீரர்களைச் சந்தித்துவந்தார்.

அவருடைய மிகச் சிறந்த நடிப்பெல்லாம் விடுதலைக்குப் பின் வந்தவையே. 'டு ஈச் ஹிஸ் ஓன்' (1946) ஆஸ்கர் தந்தது. 'தி ஸ்னேக் பிட்' (1948) படத்தில் மனநோயாளியாக நடிப்பதற்காக மனநல மருத்துவமனைகளுக்கு நேரில் போய், சிகிச்சை முறைகளைக் கூர்ந்து பார்த்தார். 'தி ஏர்ரஸ்' (1949) கதையை மேடை நாடகமாகப் பார்த்துவிட்டு இயக்குநர் வில்லியம் வைலரிடம் கொண்டுபோனவரே அவர்தான். எந்த வேடத்தையும் தலையில் கட்டிய பழைய வார்னர் கூடத்தில் இது நினைத்துப்பார்க்க முடியாத செயல். அப்படத்தில் காதலன் வராமல் ஏமாந்த நாயகி கேதரின் (ஒலிவியா) பெட்டியைச் சுமந்துகொண்டு மாடிப்படி ஏறும் காட்சியை வைலர் திரும்பத் திரும்ப எடுத்தார். களைத்துப்போன ஒலிவியா பெட்டியை வீசியெறிந்தார். அது காலிப் பெட்டி என்று அப்போதுதான் வைலருக்குத் தெரிந்தது. பெட்டி நிறையப் புத்தகங்களை அடுக்கச் சொல்லி மறுபடி எடுத்தார். படத்தில் நாம் காணும் அந்தத் தளர்ந்த நடை அப்படிப் பிறந்ததே. ஒலிவியாவுக்கு இரண்டாவது ஆஸ்கர் கிடைத்தது.

1948 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் படநிறுவனங்களின் திரையரங்கு ஆதிக்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது, தொலைக்காட்சியும் வந்தது, ஒப்பந்த முறை படிப்படியாக மறைந்தது. ஏழாண்டு வரம்பு இன்றும் கலிபோர்னியாவில் நடைமுறையில் உள்ளது; இசைப்பதிவுக் கலைஞர்களுக்கு மட்டும் 1987இல் ஒரு விலக்கு சேர்க்கப்பட்டது.